பிரான்ஸ் கிராமங்களில் கேம்பர் வேனும் சைக்கிளும்: அக்டோபர் மழையில் போகலாமா?

ஜெலுத்தோங் சைக்கிள்

வணக்கம். செப்டம்பர் கடைசி வாரத்தில் நானும் மனைவியும் பாரிசில் இறங்குகிறோம், மொத்தம் 18 நாள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள கேம்பர் வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பின்னால் இரண்டு சைக்கிளை மாட்டிக்கொண்டு கிராமப் பக்கமாகவே சுற்ற வேண்டும் என்பது எங்கள் பத்து வருட ஆசை. டிக்கெட் எடுத்தாயிற்று, வேனுக்கு முன்பணமும் கட்டியாயிற்று. இப்போது யாரைக் கேட்டாலும் "அந்த நேரத்தில் மழையாச்சே, சைக்கிளை விட்டுவிடு, வேன் மட்டும் போதும்" என்கிறார்கள்.

எனக்கு இது புரியவில்லை. மழை நமக்கு என்ன புதிதா? இங்கே மலேசியாவில், பினாங்குத் தீவில், ஞாயிற்றுக்கிழமை பாலேக் பூலாவ் பக்கம் போனால் பாதி நாள் நனைந்துதான் வீடு திரும்புகிறோம். ஏதாவது கடையில் ஒதுங்கி ஒரு தே தாரேக் குடிப்பதற்குள் விட்டுவிடும், மறுபடி மிதிக்க வேண்டியதுதான். அங்கே மட்டும் என்ன வேறுபாடு?

இப்போதைக்கு எங்கள் திட்டம் இது: பர்கண்டி, லுவார் ஆற்றங்கரை, தெற்கே கனால் து மிதி, நேரம் இருந்தால் பிரித்தானியில் நான்ட்-பிரெஸ்ட் கால்வாய். மனைவிக்கு ஒரே கேள்விதான்: இரண்டு பேர் சேர்ந்து நிற்கவே இடமில்லாத வேனில் ஈரத் துணியை எங்கே காயப்போடுவது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆயர் ஈத்தாம் அண்ணன்

தம்பி, சைக்கிளை விடாதீர்கள். நானும் இரண்டு முறை போய் வந்தவன், இரண்டு முறையும் மழை. ஆனால் "மழை நமக்குப் புதிதா" என்ற நினைப்போடு போகாதீர்கள், முதல் முறை நான் அந்த நினைப்பில்தான் போனேன்.

நம்மூர் மழை அடித்துவிட்டுப் போய்விடும், அந்த ஊர் மழை வந்து உட்கார்ந்துகொள்ளும். இடி இல்லை, மின்னல் இல்லை, பூந்தூறல் மாதிரி காலையில் தொடங்கினால் சாயங்காலம் வரை அதே வேகத்தில் பெய்துகொண்டே இருக்கும். நாம் இங்கே 28 டிகிரியில் நனைகிறோம், அங்கே அக்டோபரில் 10, 12 டிகிரியில் நனைய வேண்டும், அதிலும் சைக்கிள் போகிற வேகத்துக்குக் காற்று வேறு முகத்தில் அடிக்கும். முதல் நாள் 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வேனுக்குத் திரும்பியபோது எனக்கு விரல்கள் மடங்கவில்லை. சாவியைத் துவாரத்தில் நுழைக்க இரண்டு கையும் தேவைப்பட்டது, என் மனைவி உள்ளே இருந்து திறந்துவிட்ட பிறகும் ஹெல்மெட் வாரைக் கழற்ற முடியாமல் அப்படியே நின்றேன். அன்றைக்குப் புரிந்தது, பிரச்சினை தண்ணீர் இல்லை, குளிர்தான்.

அதனால் இங்கே மோட்டார் சைக்கிளுக்குப் போடுகிற ரப்பர் மழைக்கோட்டை எடுத்துப் போகாதீர்கள். அது வெளித் தண்ணீரைத் தடுக்கும், ஆனால் உள்ளே வியர்வையில் முழுதாக நனைந்துவிடுவீர்கள், மிதிப்பதை நிறுத்திய அடுத்த நிமிடமே நடுக்கம் வரும். காற்று வெளியேறும் வகை மழைச் சட்டையாகப் பார்த்து ஒன்று வாங்குங்கள், காசு கூடினாலும் பரவாயில்லை. உள்ளே மெல்லிய மெரினோ கம்பளி பனியன், காலுக்குக் கம்பளி காலுறை. கம்பளி நனைந்தாலும் சூடு தரும், பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கைக்கு மெல்லிய கம்பளிக் கையுறை, அதன் மேல் பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறையை ஒரு அளவு பெரிதாக வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். பார்க்க எப்படி இருந்தால் என்ன, பிரேக் பிடிக்க விரல் வேண்டுமே. ஒளிரும் மேல்சட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஊர் எல்லைக்கு வெளியே இரவிலும் பார்வை மங்கலான நேரத்திலும் சைக்கிள்காரர்கள் அதைப் போட்டே ஆக வேண்டும் என்பது அங்கே சட்டம்.

அடுத்து பாதை. 18 நாளில் நான்கு இடம் வேண்டாம். மழைக்காலத்தில் பாதை தாரா மண்ணா என்று பார்த்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கனால் து மிதி அழகுதான், 1681-இல் கட்டி முடித்த கால்வாய், தூலூசிலிருந்து சேத் வரை 240 கிலோமீட்டர். ஆனால் தூலூஸ் பக்கம்தான் நல்ல தார்ப்பாதை, அதைத் தாண்டிக் கிழக்கே போனால் பல இடங்களில் மண்ணும் மரவேரும்தான். இரண்டு நாள் மழை பெய்தால் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் களிமண் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. அங்கே நிழல் தந்த பிளேன் மரங்களும் பூஞ்சை நோயால் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டுவிட்டன. இலையுதிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கம் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிற புயல் மழையும் உண்டு, அது வந்தால் நம்மூர் வெள்ளம் மாதிரிதான். தெற்கே போயே ஆக வேண்டும் என்றால் தூலூசுக்கு மேற்கே கரோன் கால்வாய் ஓரமாகப் போங்கள், அங்கே தார்.

பர்கண்டியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஜிவ்ரியிலிருந்து குளூனி வரை பழைய ரயில் தடத்தை 1997-இல் சைக்கிள் பாதையாக மாற்றினார்கள், 44 கிலோமீட்டர். அந்த நாட்டில் இந்த மாதிரிப் பாதை அதுதான் முதல். முழுக்கத் தார், ரயில் போன தடம் என்பதால் ஏற்றமும் பெரிதாக இல்லை, வழியில் பழைய ஸ்டேஷன் கட்டடங்கள் இருக்கின்றன, மழைக்கு ஒதுங்கலாம். குளூனியில் உள்ள கிறிஸ்தவத் துறவிகளின் மடம் 910-இல் தொடங்கியது, மிச்சம் இருப்பது கொஞ்சம்தான் என்றாலும் அந்தக் கோபுரத்தடியில் போய் நின்று பாருங்கள்.

லுவார் பாதை மொத்தம் 900 கிலோமீட்டர் வரும், அதில் சோமூர் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வெள்ளைச் சுண்ணாம்புக் குன்றைக் குடைந்து வீடு கட்டியிருக்கிறார்கள், குகைக்குள் காளான் வளர்க்கிறார்கள், ஒயின் வைக்கிறார்கள். சுசே என்ற ஊரில் சைக்கிள் பாதையே குகைத் தெருவுக்குள் புகுந்து போகிறது. மழை நாளுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

செந்தூல் அக்கா

தம்பி மனைவியின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பயணத்தில் அந்த வேலை முழுக்க என் தலையில்தான் விழுந்தது.

வேனுக்குள் வருகிற ஈரத்தில் பாதி மழையே இல்லை, நம் சோறுதான். மூடியில்லாமல் ஒரு பானை அரிசி வேகவைத்துப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் கண்ணாடி எல்லாம் வியர்த்து, காலையில் தலையணை ஓரம் ஈரமாக இருக்கும். நான் அரிசியை முன்கூட்டியே ஊறவைத்து, சின்னக் குக்கரில் ஒரே விசிலோடு அடுப்பை அணைத்துவிடுவேன். சமைக்கும்போது கூரை ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்தே வையுங்கள், குளிருகிறது என்று மூடாதீர்கள். ராத்திரியும் கொஞ்சம் திறந்திருக்கட்டும், வேனின் சூடேற்றியைக் குறைந்த அளவில் ஓடவிடுங்கள். சூட்டுக்காகச் சமையல் அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது மட்டும் கூடவே கூடாது. அந்தப் புகையில் மணமே தெரியாத கார்பன் மோனாக்சைடு இருக்கும், உயிர் போய்விடும்.

ஈரத்துக்கு ஒரு எல்லைக் கோடு போட்டுவிடுங்கள். நனைந்தது எதுவும் குளியலறைக் கதவைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. சட்டை, கால்சட்டை, கையுறை எல்லாம் அங்கேயே கொடியில் தொங்கும், தண்ணீர் கீழே வடிகாலுக்குப் போய்விடும். காலணிக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், காலையில் போடுகிற மாதிரி ஆகிவிடும். பெரிய சூப்பர்மார்க்கெட் வாகன நிறுத்துமிடங்களில் வெளியிலேயே சலவை இயந்திரமும் உலர்த்தியும் வைத்திருப்பார்கள், பெட்ரோல் நிலையம் மாதிரி. நாங்கள் மூன்று நாளுக்கு ஒருமுறை அங்கே வேனை நிறுத்தி, துணி காய்வதற்குள் காய்கறி வாங்கி, டீசலும் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவோம். நெடுஞ்சாலையைவிட அங்கே டீசல் விலையும் குறைவு.

சாப்பாட்டு நேரத்தில் கவனம். இங்கே எந்நேரமும் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடை திறந்திருக்கும், அங்கே அது கிடையாது. கிராமத்தில் பகல் 12 மணிக்கு மேல் கடைகள் மூடி 2 மணிக்குமேல்தான் திறப்பார்கள், உணவகத்திலோ 2 மணிக்குப் பிறகு சமையலறையை மூடிவிடுவார்கள். நனைந்துபோய் இரண்டரைக்குப் போய் நின்றால் காப்பிதான் கிடைக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேல் ஒன்றும் இல்லை, திங்களன்று பல ஊரில் ரொட்டிக்கடையும் லீவு. அதனால் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள், ஒரு பிளாஸ்கில் ரசம் ஊற்றிக்கொண்டு சைக்கிளில் போங்கள். நடுங்குகிற நேரத்தில் ஒரு டம்ளர் மிளகு ரசத்துக்கு ஈடு எதுவுமில்லை.

இங்கிருந்து இறைச்சி, பால் கலந்தது எதையும் கொண்டு போகாதீர்கள், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் போகாது. பாரிசில் லா சப்பெல் பக்கம், கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால், நம் ஆட்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வேனை எடுப்பதற்கு முந்தின நாளே அங்கே போய் வாங்கிவிடுங்கள்.

பழைய கிள்ளான் சாலை செயின்

நான் சைக்கிள் பழுதுபார்ப்பவன், அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். டிஸ்க் பிரேக் வண்டியாக எடுங்கள், அது சக்கர நடுவில் இருக்கிற உலோகத் தட்டைப் பிடிக்கும். சக்கர விளிம்பைப் பிடிக்கிற ரிம் பிரேக் என்றால் அந்தச் சுண்ணாம்பு மண் கலந்த தண்ணீர் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி ரிம்மையும் பிரேக் கட்டையையும் தின்றுவிடும். டிஸ்க்கிலும் ரெசின் பேட் (பிசின் கலந்த பிரேக் கட்டை) ஈரத்தில் சீக்கிரம் தேயும், உலோகப் பேட் அதிக நாள் வரும், ஆனால் உங்கள் ரோட்டர், அதாவது அந்தத் தட்டு, அதை ஏற்குமா என்று அதன் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ஒரு ஜோடி கூடுதலாக வைத்திருங்கள். முழு நீள மட்கார்டு அவசியம். செயினுக்கு ஈரத்துக்கான எண்ணெய், தினமும் சாயங்காலம் பழந்துணியால் துடைத்துவிட்டு இரண்டு சொட்டு, அவ்வளவுதான்.

இன்னொன்று, வேன் பின்னால் மாட்டி நெடுஞ்சாலையில் 300 கிலோமீட்டர் மழையில் போனால் பின்சக்கரம் கிளப்புகிற சேறு முழுக்க உங்கள் செயினுக்கும் பேரிங்குக்கும்தான் போகும். சைக்கிளுக்கு உறை போட்டு இறுகக் கட்டுங்கள். வேனின் பின் விளக்கும் நம்பர் பிளேட்டும் மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெலுத்தோங் சைக்கிள்

ரொம்ப நன்றி அண்ணே, அக்கா, சார். மனைவி அக்காவின் பதிலை அப்படியே தாளில் எழுதிக்கொண்டாள். தெற்கையும் பிரித்தானியையும் விட்டுவிட்டோம், பர்கண்டியும் சோமூரும் மட்டும். அப்புறம் வேன் ஓட்டுவது பற்றி ஒரு கேள்வி. ராத்திரி எங்கே நிறுத்துவது? திராட்சைத் தோட்டங்களில் இலவசமாகத் தங்கலாம் என்கிறார்களே, மழையில் அது சரிவருமா?

ஆயர் ஈத்தாம் அண்ணன்

சரிவரும், அதுதான் எங்களுக்கு அந்தப் பயணத்தில் கிடைத்த பெரிய இன்பம். பிரான்ஸ் பாசியோன் என்று ஒரு அமைப்பு, 1993-இலிருந்து நடக்கிறது. வருடச் சந்தா கட்டினால் விவசாயிகள், ஒயின் செய்பவர்கள் தோட்டத்தில் ஒரு இரவு தங்க விடுவார்கள். வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வேனில் கழிப்பறை இருக்க வேண்டும், போனதும் நேரில் பார்த்து ஒரு வணக்கம் சொல்ல வேண்டும். அது போக, ஊருக்கு ஊர் நகராட்சி வைத்திருக்கிற வேன் நிறுத்துமிடங்கள் இருக்கின்றன, தண்ணீர் பிடிக்கவும் கழிவை ஊற்றவும் வசதி இருக்கும்.

ஆனால் புல்லில் நிறுத்தாதீர்கள். ஒரு தோட்டத்தில் வால்நட் மரத்தடி புல்தரை அழகாக இருக்கிறதே என்று நானாகப் போய் நிறுத்திவிட்டேன். ராத்திரி முழுக்க மழை. காலையில் கிளப்பினால் முன்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி, கணுக்கால் ஆழத்துக்குக் குழி விழுந்து, சேறு கண்ணாடி வரை தெறித்தது. கால்மிதியைப் போட்டேன், அது பின்னால் பறந்து போனது. கடைசியில் அந்தத் தோட்டக்காரப் பெரியவர் டிராக்டரைக் கொண்டுவந்து, முன்பக்கக் கொக்கியில் கயிறு மாட்டி இழுத்துவிட்டார். திராட்சை அறுவடை நேரம் வேறு, அவருக்கு ஆயிரம் வேலை. அவருடைய புல்லில் இரண்டு கறுப்புப் பள்ளத்தை விட்டுவிட்டு வந்தது இன்றைக்கும் எனக்கு மனசு உறுத்துகிறது. வாடகை வேன்கள் பெரும்பாலும் முன்சக்கர இழுவை, பாரம் எல்லாம் பின்னால். ஜல்லி, தார், சிமெண்ட் இருந்தால் அதில் நிறுத்துங்கள். வேறு வழியே இல்லை என்றால் முன்சக்கரம் இரண்டும் கெட்டித் தரையில் இருக்கட்டும், வேனின் மூக்கு வெளியேறுகிற பக்கம், இறக்கம் நோக்கி.

சாலையில் வலப்பக்கம் ஓட்டுவது ஒரு நாளில் பழகிவிடும். பழகாதது வலமிருந்து வருகிறவனுக்கு வழிவிடுகிற விதி. கிராமத்துக்குள் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில், சின்னச் சந்திலிருந்து டிராக்டர் வந்தாலும் அவனுக்குத்தான் முதல் உரிமை. கிராமப்புறச் சாலையில் பொதுவாக 80, நெடுஞ்சாலையில் 130 என்று போட்டிருந்தாலும் மழை பெய்தால் 110தான். வேனுக்கு அதுவும் அதிகம், நான் 90-க்கு மேல் போகவில்லை. ஜேபிஜேயில் (நம்மூர் சாலைப் போக்குவரத்துத் துறை) அனைத்துலக ஓட்டுநர் அனுமதி எடுத்துவிடுங்கள். காலையில் எழுந்ததும் அந்த நாட்டு வானிலைத் துறையான மெத்தேயோ பிரான்சின் எச்சரிக்கை வரைபடத்தைப் பாருங்கள், ஆரஞ்சு நிறம் என்றால் அன்றைக்கு ஆற்றோரம் தங்காதீர்கள், சைக்கிளையும் இறக்காதீர்கள். மற்ற நாளில் மழை ராடாரில் இரண்டு மணி நேர இடைவெளி கிடைத்தாலே போதும், 25 கிலோமீட்டர் போய்த் திரும்பிவிடலாம். முழு நாள் திட்டம் போடாதீர்கள், அரை நாள்தான்.

ஜெலுத்தோங் சைக்கிள்

புரிந்தது அண்ணே. ஜிவ்ரியில் வேனை விட்டுவிட்டுக் குளூனி போய்த் திரும்பினால் 88 ஆகிவிடுமே, மழையில் என் மனைவிக்கு அது அதிகம்.

ஆயர் ஈத்தாம் அண்ணன்

அப்படிப் போகாதீர்கள். வேனைக் குளூனியிலேயே நிறுத்திவிட்டு ஒரு நாள் வடக்கே கொஞ்சம், ஒரு நாள் தெற்கே மாக்கோன் பக்கம் கொஞ்சம் போங்கள். தெற்கே புவா கிளேர் சுரங்கம் வரும், பழைய ரயில் சுரங்கம், 1600 மீட்டர். குளிர்காலத்தில் வௌவால்கள் தூங்குவதற்காக அதை மூடிவிடுவார்கள், நீங்கள் போகும்போது திறந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் நல்ல மழையில் உள்ளே நுழைந்தோம். நுழைந்ததும் மழைச் சத்தம் அப்படியே நின்று டயர் சத்தம் மட்டும் கேட்டது, என் மனைவி தலையுறையைக் கழற்றிவிட்டுப் பேசிக்கொண்டே வந்தாள், அந்தப் பக்கம் வெளியே வந்தால் அங்கேயும் அதே மழை. உள்ளே குளிரும், வியர்வையோடு போகாதீர்கள், நுழைவதற்கு முன் சட்டைப் பொத்தானை மேல் வரை போட்டுக்கொண்டு முன்விளக்கை எரியவிட்டுப் போங்கள்.