பள்ளியை விட்ட பிள்ளைகளுக்கான வகுப்பு: சமூகத் தாக்கப் பத்திரத்தில் கையெழுத்திடலாமா?

மாலை வகுப்பு ஆசிரியை:
பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகளுக்கு வாசிப்பு சொல்லிக்கொடுக்கும் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். இப்போது நிர்வாகக் குழுவிலும் உறுப்பினர். எங்களுக்கு வந்துகொண்டிருந்த அரசு மானியம் நிற்கப்போகிறது. அதற்குப் பதிலாகச் சமூகத் தாக்கப் பத்திரம் என்ற பெயரில் ஒரு வரைவு ஒப்பந்தம் வந்திருக்கிறது.

நான் புரிந்துகொண்டது இது: முதலீட்டாளர்கள் மூன்று ஆண்டுச் செலவை முன்பணமாகத் தருவார்கள். மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிப்பார். குறித்த முன்னேற்றம் இருந்தால் அரசு முதலீட்டாளர்களுக்கு அசலையும் மேற்கொண்டு ஒரு தொகையையும் கொடுக்கும். இல்லையென்றால் அவர்கள் போட்ட பணம் போனதுதான்.

எல்லாம் சரி என்றுதான் படித்துக்கொண்டு வந்தேன். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. "எண்பது சதவீத வருகை உள்ள மாணவர்களே கணக்கில் கொள்ளப்படுவர்." என் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். அம்மா வேலைக்குப் போகும் நாட்களில் தங்கையை அவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் இரண்டு நாள்தான் வருவான். போன மாதம் முதல் முறையாக ஒரு முழுப் பத்தியை நிறுத்தாமல் வாசித்தான். இந்த ஒப்பந்தத்தின்படி அவன் இல்லாதவன். இப்படித்தான் எல்லா இடங்களிலும் எழுதுகிறார்களா?

கணக்காளர்:
இல்லை அம்மா, எல்லா இடங்களிலும் அப்படி இல்லை. முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை: 'பத்திரம்' என்று சொன்னாலும் இதில் நிலையான வட்டி கிடையாது. விளைவைப் பொறுத்துப் பணம் தரும் ஒப்பந்தம் என்றால்தான் சரியாக இருக்கும்.

இவ்வகையில் உலகின் முதல் ஒப்பந்தம் 2010-ல் இங்கிலாந்தின் பீட்டர்பரோ சிறையில் தொடங்கியது. பதினேழு முதலீட்டாளர்கள் சேர்ந்து 50 லட்சம் பவுண்டு போட்டார்கள். பெரும்பாலும் அறக்கட்டளைகள். ஓராண்டுக்குக் குறைவான தண்டனை முடிந்து வெளியே வரும் ஆண்கள் மீண்டும் குற்றத்தில் விழாமல் தடுப்பது நோக்கம். நீங்கள் கவனிக்க வேண்டியது, யாரைக் கணக்கில் எடுத்தார்கள் என்பது. உதவியை ஏற்றவர், மறுத்தவர் என்று பிரிக்கவில்லை. அந்தச் சிறையிலிருந்து அத்தகைய தண்டனை முடிந்து வெளியேறிய எல்லோரும் கணக்கில் வந்தார்கள். அதனால் எளிதானவர்களை மட்டும் பொறுக்கி எடுக்க வழியில்லை.

முதல் தொகுதியாக வெளியே வந்தவர்களிடம் மறுகுற்றம் 8.4 சதவீதம்தான் குறைந்தது. உடனே பணம் பெற 10 சதவீதம் வேண்டும் என்பதால் அப்போது ஒன்றும் கிடைக்கவில்லை. 2017-ல் ஒட்டுமொத்தக் குறைவு 9 சதவீதம் என்று தெரிந்தது. அதற்கான எல்லை 7.5 என்பதால் அசலும் ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதமும் திரும்பி வந்தன.

முன்னாள் மதிப்பீட்டாளர்:
உங்கள் ஒன்பதாம் பக்கத்தைப் படித்ததும் வயிறு கலங்கியது. நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில் 'தேர்ச்சி பெற்றவர் எண்ணிக்கை'க்குத்தான் பணம். இரண்டாம் ஆண்டில் கள ஊழியர்கள் பிள்ளைகளைத் தெளிவாக மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். தேர்ச்சிக் கோட்டுக்கு அருகில் இருந்தவர்களுக்கு மட்டும் கூடுதல் நேரம். அடியில் இருந்த பிள்ளைகள் கடைசி வரிசையில் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். அந்த ஊழியர்கள் கெட்டவர்கள் அல்ல, அவர்களின் சம்பளமே அந்தக் கோட்டில் தொங்கியது. நான் கொடுத்த அறிக்கையில் அந்தப் பத்தி நீக்கப்பட்டது. இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

அளவுகோல் தவறினால் வெற்றியும் பொய்யாகும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் முன்பள்ளித் திட்டம் ஒன்றுக்குக் கோல்ட்மேன் சாக்ஸ் என்ற முதலீட்டு வங்கி பணம் போட்டது. சொல்வள மதிப்பெண் குறைவாக இருந்த 110 குழந்தைகளையும் 'பின்னாளில் சிறப்புக் கல்வி தேவைப்படுவோர்' என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டார்கள். 2015-ல் அவர்களில் ஒருவருக்குத்தான் அது தேவைப்பட்டது என்றதும் 109 வெற்றிகள் என்று கணக்கு எழுதப்பட்டது. இந்த முன்பள்ளிக்குப் போகாத, அதே நிலையில் உள்ள குழந்தைகளோடு ஒப்பிடவே இல்லை!

நல்ல வடிவமும் உண்டு. ராஜஸ்தானின் பில்வாராவில் 2015 முதல் 2018 வரை 'எஜுகேட் கேர்ல்ஸ்' என்ற தொண்டு அமைப்பு இத்தகைய திட்டம் ஒன்றை நடத்தியது. அங்கே தேர்ச்சிக் கோடு கிடையாது. ஒப்பீட்டுக் கிராமங்களைவிடப் பிள்ளைகள் கூடுதலாகப் பெற்ற மொத்த முன்னேற்றத்துக்கே பணம். முதல் இரண்டு ஆண்டுகள் இலக்கைவிடப் பின்தங்கினார்கள். பிறகு பிள்ளைகளை வகுப்புப்படி இல்லாமல் திறன்படி பிரித்தார்கள், வராத பிள்ளைகளின் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். முடிவில் கற்றல் இலக்கில் 160 சதவீதத்தை எட்டினார்கள். உங்கள் பையனைப் போன்ற பிள்ளையைத் தேடிப் போவதற்கு அந்த ஒப்பந்தமே காரணம் கொடுத்தது.

நகராட்சி ஊழியர்:
மானியம் ஏன் நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லையே. வெற்றி பெற்றால் அரசு மானியத்தைவிட அதிகம் கொடுக்கப்போகிறது. வழக்கறிஞர், மதிப்பீட்டாளர், இடைத்தரகு அமைப்பு என்று எல்லோருக்கும் கூலி உண்டு. 'இழப்பு முதலீட்டாளருக்கே' என்பதையும் விசாரியுங்கள். நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் 2012-ல் தொடங்கிய திட்டம் பலன் தராமல் 2015-ல் நிறுத்தப்பட்டது. நகர அரசு ஒன்றும் தரவில்லை, உண்மைதான். ஆனால் கோல்ட்மேன் சாக்ஸ் கொடுத்த 72 லட்சம் டாலரில் 60 லட்சத்துக்கு ஓர் அறக்கட்டளை உத்தரவாதம் கொடுத்திருந்தது. தருமத்துக்கு வைத்த பணம்தான் அடியைத் தாங்கியது. மூன்று ஆண்டு முடிந்த மறுநாள் உங்கள் வகுப்புக்கு யார் பணம் தருவார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

மாலை வகுப்பு ஆசிரியை:
நால்வர் கொண்ட எங்கள் குழு நேற்று கூடியது. உங்கள் பதில்களை அப்படியே வாசித்துக் காட்டினேன். ஒன்பதாம் பக்க வரி நீங்கும் வரை கையெழுத்தில்லை என்று முடிவு செய்தோம். மூன்று ஆண்டுக்குப் பின் மானியம் மீண்டும் கிடைக்குமா என்று துறைக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். அந்த வரிக்குப் பதிலாக என்ன எழுதச் சொல்லலாம்?

முன்னாள் மதிப்பீட்டாளர்:
இப்படிக் கேளுங்கள்: "முதல் நாள் பதிவேட்டில் பெயர் உள்ள ஒவ்வொரு பிள்ளையும், எத்தனை நாள் வந்திருந்தாலும், கணக்கில் சேரும். சோதனை நாளில் வராத பிள்ளையை மதிப்பீட்டாளர் வீட்டுக்குச் சென்று சோதிப்பார்." அந்தப் பயணச் செலவையும் ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் யாரும் போக மாட்டார்கள்.