ராக் பெட்டியிலும் எல்விஸ், கன்ட்ரி பெட்டியிலும் எல்விஸ்: எது சரி?

ஈசூன்_மகள்:
வணக்கம். அடுத்த மாதம் வீடு மாறுகிறோம். ஸ்டோர் ரூமைக் காலி செய்தபோது அப்பாவின் கேசட்டுகள் இரண்டு மைலோ அட்டைப்பெட்டி நிறைய கிடைத்தன. செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தவை. ஒரு பெட்டியில் 'கன்ட்ரி' (அமெரிக்க நாட்டுப்புறத்தில் பிறந்த இசை), இன்னொன்றில் 'ராக்' என்று அவர் கையெழுத்தில் மார்க்கரால் எழுதியிருக்கிறது. அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி இரண்டிலும் இருக்கிறார். ஈகிள்ஸ் குழுவின் முதல் ஆல்பம் கன்ட்ரியில், 'ஹோட்டல் கலிபோர்னியா' ராக்கில். அப்பா எதையும் யோசிக்காமல் வைக்கிற ஆள் இல்லை, ஆனால் இனி அவரிடம் கேட்க முடியாது. நான் ஒலி 96.8, இளையராஜா என்று வளர்ந்தவள். ராகம் என்றால் ஆரோகணம், அவரோகணம் சொல்லி அடையாளம் காட்டலாம். ஹாங்கி டாங்க், ராக்கபிலி, அவுட்லா, கிரஞ்ச் என்கிறார்களே, இதற்கெல்லாம் என்ன அடையாளம்? எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

கம்பி_ஆறு:
தங்கச்சி, அப்பா ரொம்பச் சரியாக வைத்திருக்கிறார். முதலில் எல்விஸ். 1954 ஜூலையில் மெம்பிஸில் சன் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர் பாடிய முதல் இசைத்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 'தட்ஸ் ஆல் ரைட்', கறுப்பினப் பாடகர் ஆர்தர் குருடப்பின் புளூஸ், அதாவது தெற்கு அமெரிக்க மாநிலங்களின் கறுப்பர் இசை. திருப்பிப் போட்டால் 'புளூ மூன் ஆஃப் கென்டக்கி', கன்ட்ரியின் ஒரு கிளையான புளூகிராஸ் இசையின் தந்தை என்று சொல்லப்படும் பில் மன்றோவின் பாட்டு. மன்றோ அதை மூன்று தட்டு வால்ட்ஸாக நிதானமாகப் பாடியிருப்பார், எல்விஸ் நான்கு தட்டாக்கி ஓட விட்டார். அந்தப் பதிவில் டிரம்ஸே கிடையாது. கூர்ந்து கேட்டால் ஆள் உயரத்துக்கு நிற்கும் பேஸ் வாத்தியத்தின் கம்பி பலகையில் 'டக் டக்' என்று அடிப்பது தெரியும், தாளமே அதுதான். ராக்கபிலி என்ற பெயரில் ராக்கும் இருக்கிறது, ஹில்பில்லியும் (கன்ட்ரியின் பழைய பெயர்) இருக்கிறது. அப்படியிருக்க எல்விஸை ஒரு பெட்டிக்குள் அடைக்க முடியுமா?

ஈகிள்ஸும் அப்படித்தான். 1972இல் வந்த முதல் ஆல்பத்தில் பெர்னி லீடன் கன்ட்ரிக்கே உரிய பாஞ்சோ என்ற கம்பிக் கருவியை வாசிக்கிறார். 1975 கடைசியில் அவர் விலகி, ஹார்ட் ராக் கிட்டார்காரரான ஜோ வால்ஷ் வந்தார். அடுத்த வருடம் 'ஹோட்டல் கலிபோர்னியா'. ஆளும் கருவியும் மாறியதும் பெட்டியும் மாறிவிட்டது.

ராகத்துக்கு இலக்கணம் உள்ளே இருக்கிறது. இந்த இசையில் அப்படி ஒன்றைத் தேடாதீர்கள், எந்த ஊர், யார் கேட்டார்கள், கையில் என்ன கருவி என்று பாருங்கள். ஒரு உதாரணம்: ஐம்பதுகளின் கடைசியில் நாஷ்வில்லில் செட் அட்கின்ஸ் போன்ற தயாரிப்பாளர்கள் நாட்டுப்புறப் பாணியில் வாசிக்கும் வயலினான ஃபிடிலைக் குறைத்து, வயலின் கூட்டமும் பின்னணிக் குரல்களும் சேர்த்துக் கன்ட்ரியை மெருகேற்றினார்கள். பாட்சி கிளைன் பாட்டுகளில் அதைக் கேட்கலாம். அதே காலத்தில் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில், முப்பதுகளின் வறட்சியில் ஒக்லஹோமாவை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள், குடித்து ஆடுகிற கூடங்களில் வாசித்தார்கள், ஹாங்கி டாங்க் என்பது அந்தக் கூடங்களின் பெயர்தான். அந்தக் கூச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டுமே, அதனால் கூர்மையான ஓசை தரும் டெலிகாஸ்டர் மின்கிட்டாரும் அழுத்தமான டிரம்ஸும். பக் ஓவன்ஸ் கேசட் இருந்தால் அதை முதலில் போடுங்கள். 1965இல் பீட்டில்ஸே அவர் பாடிய 'ஆக்ட் நேச்சுரலி'யை எடுத்துப் பாடினார்கள், பாடியது அவர்களின் டிரம்மர் ரிங்கோ.

தேக்கா_வாசகன்:
ஆறு அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும், எனக்கு இது முக்கியம். 'ஊர், கருவி' என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் அமெரிக்காவின் தெற்கில் கறுப்பர் பாடியதை 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்றும், வெள்ளையர் பாடியதை 'ஹில்பில்லி' என்றும் தனித்தனியாக விற்றன. பல சமயம் இருவரும் பாடியது ஒரே பாட்டு. பாஞ்சோவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த கருவி. நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சியின் தொடக்ககால நட்சத்திரங்களில் ஒருவர் டிஃபோர்ட் பெய்லி, கறுப்பினத்தவர், ஹார்மோனிகாவில் ரயில் ஓடுவதை அப்படியே கொண்டுவருவார். 1949இல்தான் பில்போர்ட் என்ற இசை வணிகப் பத்திரிகை 'ரேஸ்' என்பதை 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று மாற்றியது. ஆக, கறுப்பர் இசை, வெள்ளையர் இசை என்ற கோட்டைப் போட்டது காது இல்லை, கடை. கேட்கும்போது இதை மனதில் வையுங்கள்.

அப்புறம் பிளாக் சாபத் குழுவின் கேசட் இருந்தால் அப்பாவை நினைத்துக்கொண்டு கேளுங்கள். இங்கிலாந்தின் பர்மிங்காமில் இரும்புத் தகடு பட்டறையில் வேலை பார்த்த அதன் கிட்டார்காரர் டோனி அயோமிக்கு 17 வயதில் இயந்திரத்தில் சிக்கி இரண்டு விரல் நுனி போய்விட்டது. பிளாஸ்டிக் நுனி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். மெல்லிய கம்பி போட்டார், பிறகு சுதியையும் இறக்கிக் கம்பியைத் தளர்த்தினார். ஹெவி மெட்டல் என்கிற ராக் வகையின் அந்தக் கனத்த ஓசைக்கு இதுவும் ஒரு காரணம். நானும் துவாஸில் பதினொரு வருடம் வெல்டிங் செய்தவன், பட்டறைச் சத்தத்தோடு வாழ்ந்தவனுக்கு அந்த ஓசை அந்நியமாகவே படாது.

பெனின்சுலா_ரசிகை:
நம்ம சிங்கப்பூரையும் விட்டுவிடாதீர்கள். 1961இல் பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷேடோஸ் குழுவும் இங்கே வந்து வாசித்த பிறகுதான் பையன்கள் மூலைக்கு மூலை கிட்டார் குழு தொடங்கினார்கள். மலாய் குழுக்களுக்கு வந்த 'பாப் யே யே' என்ற பெயர் பீட்டில்ஸின் 'யே யே யே'யிலிருந்து வந்தது. 1972இல் பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் செப்பலினை நீள முடிக்காக உள்ளே விடவில்லை, ஆனால் அந்த இசை நிற்கவில்லை. ரம்லி சாரிப்பின் ஸ்வீட் சாரிட்டி குழு இங்கிருந்து எழுந்து மலேசியா வரை போய், பின்னால் 'ராக் கபாக்' என்று பெயர் பெற்ற அலைக்கு வழி போட்டது. மலாயில் கபாக் என்றால் கோடாலி. கன்ட்ரிக்கு மேத்யூ அண்ட் த மாண்டரின்ஸ் குழு, 'சிங்கப்பூர் கவ்பாய்' பாட்டு. உங்கள் பெட்டியில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்மா, இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஈசூன்_மகள்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று இரவு பழைய பிளேயர் ஒன்றை வாங்கி வந்து பக் ஓவன்ஸ் போட்டேன். நடுவே பெடல் ஸ்டீல் என்ற கிடைமட்டக் கிட்டார் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகிறதே, அது வீணையில் ஜாரு இழுப்பது போலவே இருந்தது, திரும்பத் திரும்ப அதையே கேட்டேன். அம்மா சமையலறையிலிருந்து வந்து, 'இது அப்பா ஞாயிற்றுக்கிழமை சட்டை இஸ்திரி போடும்போது ஓடுகிற பாட்டு' என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஸ்வீட் சாரிட்டி ராக் பெட்டியின் அடியில் இருக்கிறது! ஆனால் நாடா வெளியே வந்து சிக்கியிருக்கிறது. பென்சிலை விட்டுச் சுற்றினால் போதுமா, இல்லை கூட்டைத் திறக்க வேண்டுமா? யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், அதுவரை தொடமாட்டேன்.