71-ஐ 71 என்றே எழுதுவதா, 66 முதல் 76 என்று எழுதுவதா?

சோதனைச்சாலை: நம் மன்றத்தின் பக்கத்து இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஐ.க்யூ. ரிப்போர்ட்டில் ஒரே எண்ணைப் போடு. 71 வந்தால் 71. வீச்சு, பிழை என்றெல்லாம் எழுதுகிறவருக்குத் தன் டெஸ்ட் மேலேயே நம்பிக்கை இல்லை." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அளவீட்டுப் பிழை இல்லாத டெஸ்ட் எது? 71 எடுத்த பையனை வேறொரு நாள் உட்கார வைத்தால் 68 வரலாம், 75-ம் வரலாம். '66 முதல் 76 வரை' என்று எழுதுவதுதான் நேர்மை.

மலைக்கோட்டையான்: அந்த 'ஒருவர்' நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். ஜவுளிக்கடைக்காரர் 'ஐந்தரை முதல் ஆறரை மீட்டர்' என்று பில் போடுவாரா? மாற்றுத்திறனாளி சான்றிதழ் தரும் மெடிக்கல் போர்டில் வீச்சைக் காட்டினால், "எது சார் உங்க ஸ்கோர்?" என்றுதான் கேட்பார்கள். 70-க்குக் கீழே வந்தால் மைல்ட், அதாவது லேசான அறிவுத்திறன் குறைபாடு. மேலே போனால் சான்றிதழும் சலுகையும் கிடைப்பது கஷ்டம். 71 என்றால் 71.

சோதனைச்சாலை: தம்பி, அதனால்தான் சொல்கிறேன். ஒரு புள்ளியில் பையனின் சான்றிதழே போகிறதென்றால், அந்தப் புள்ளியை எவ்வளவு நம்பலாம் என்று எழுத வேண்டியது யார்? உங்கள் 71-க்காகவே அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை ஒரு வழக்கு போயிருக்கிறது. ஃப்ரெடி லீ ஹால், ஃப்ளோரிடாவில் மரண தண்டனைக் கைதி. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவருக்கு அங்கே மரண தண்டனை கூடாது. ஸ்கோர் 71. 70-ஐத் தாண்டிவிட்டார், இனி வேறு ஆதாரம் எதையும் பார்க்க மாட்டோம் என்றது மாநிலம். அளவீட்டுப் பிழையைக் கணக்கில் எடுக்காத அந்தக் கறாரான கோடு செல்லாது என்று 2014-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. நீதிபதிகளுக்குப் புரிந்தது நம் ஆட்களுக்குப் புரியவில்லை.

மலைக்கோட்டையான்: தம்பி என்று கூப்பிட வேண்டாம். ஃப்ளோரிடா கைதிக்கும் துறையூர் பையனுக்கும் என்ன சம்பந்தம்? நான் போட்டது பினே-காமத் என்கிற ஐ.க்யூ. டெஸ்ட். அதில் 71 வந்தால் 71.

ரேவதி டீச்சர்: பினே-காமத்தா! மன வயதைக் கால வயதால் வகுத்து நூறால் பெருக்குகிற கணக்கு. காமத் அதை 1930-களில் பம்பாய், கர்நாடகப் பக்கத்துப் பிள்ளைகளை வைத்து உருவாக்கினார். பலர் கையில் இருப்பது 1967 பதிப்பு. சரி, மிசிக் என்கிற இன்னொரு ஐ.க்யூ. டெஸ்ட் போடலாமென்றால் அதுவும் மாலின் நாக்பூரில் 1969-ல் செய்தது. பழைய நார்ம்ஸில், அதாவது அந்தக் காலப் பிள்ளைகளின் சராசரியோடு ஒப்பிட்டால், ஸ்கோர் ஏறித்தான் தெரியும். ஃப்ளின் என்ற ஆய்வாளரின் கணக்கில் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி. நீங்கள் இருவரும் யாருடைய 71-க்காக அடித்துக்கொள்கிறீர்கள்?

மலைக்கோட்டையான்: அப்போ ஐம்பது வருஷத்துக்கு 15 கழித்து 71-ஐ 56 என்று போட்டுவிடலாமா டீச்சர்? எல்லோருக்கும் சான்றிதழ், எல்லோருக்கும் சந்தோஷம்.

ரேவதி டீச்சர்: அப்படி நான் சொன்னேனா? வாயில் வார்த்தையைத் திணிப்பது உங்களுக்குப் பழக்கம்தான். ரோர்ஷாக் (மைக்கறை டெஸ்ட்) இழையிலும் இதையே செய்தீர்கள்.

ஓர் அப்பா: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். என் மகளின் ரிப்போர்ட்டில் "குழந்தை நன்கு ஒத்துழைத்தது" என்று இருந்தது. அவளோ பாதி நேரம் அழுதாள். ஃபார்ம் போர்டின் (வடிவக் கட்டைகளைக் குழியில் பொருத்தும் பலகை) கட்டை ஒன்று மேசைக்கு அடியில் கிடந்தது, நான்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் வேறொரு பையனின் பெயர். எண் மட்டும் கொட்டை எழுத்தில். அதை வைத்து நான் என்ன செய்ய வேண்டும்?

சோதனைச்சாலை: பார்த்தீர்களா? ஒற்றை எண்ணை வழிபட்டால் இதுதான் நடக்கும். மனநலக் குறைபாடுகளை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடு டி.எஸ்.எம்.-5 வந்தது 2013-ல். பாதிப்பின் தீவிரத்தை ஐ.க்யூ.வை வைத்துச் சொல்லாதே, அன்றாடத் திறனை வைத்துச் சொல் என்கிறது. தானாகச் சாப்பிடுகிறாளா, கடைக்குப் போய்ச் சில்லறை சரிபார்த்து வாங்குகிறாளா, புதியவர்களிடம் எப்படி இருக்கிறாள் என்று அம்மாவிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். பள்ளியில் விசாரிக்க வேண்டும். எந்த மொழியில் டெஸ்ட் எடுத்தோம், பிள்ளை தூங்கியிருந்ததா, மாத்திரை சாப்பிடுகிறதா என்று எழுத வேண்டும். அப்புறம்தான் எண். அதுவும் 66 முதல் 76 என்று. இதை எத்தனை தடவைதான் சொல்வது?

மலைக்கோட்டையான்: அவர் மகளின் ரிப்போர்ட்டில் இருப்பது கட்-பேஸ்ட் கோளாறு. அதை என் தலையில் கட்டாதீர்கள். அன்றாடத் திறனை அளக்கும் வி.எஸ்.எம்.எஸ். நானும்தான் போடுகிறேன். அதிலும் ஒரே எண்தான் வருகிறது.

சோதனைச்சாலை: போடுகிறீர்களா, அம்மாவிடம் கேட்காமல் நிரப்புகிறீர்களா?

மலைக்கோட்டையான்: முதலில் உங்கள் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு எண்ணைப் போடுங்கள், அப்புறம் பாடம் எடுங்கள். எம்.எஸ்சி. முடித்துவிட்டு 'கிளினிக்கல்' என்று போர்டு மாட்டுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

சோதனைச்சாலை: எம்.ஃபில். எங்கே படித்தேன் என்று ரோர்ஷாக் இழையிலேயே எழுதியாயிற்று. படிக்கிற பழக்கம் இருந்தால் தெரிந்திருக்கும். 66 முதல் 76.

ரேவதி டீச்சர்: அந்த அப்பா கேட்டதற்கு யாராவது பதில் சொன்னீர்களா?

மலைக்கோட்டையான்: டீச்சர், நீங்கள் ஸ்பெஷல் எஜுகேஷன். டெஸ்ட் விஷயத்தை எங்களிடம் விடுங்கள். பதிவு எண் இன்னும் வரவில்லை, காத்திருக்கிறேன்.