பைதானில் டப்ஸ்டெப் அரேஞ்ச்மென்ட்: தாளம் விலகிப் போகிறது, டிராப்பில் கனம் இல்லை – உதவி தேவை

அடிநாதம்:
வணக்கம் நண்பர்களே. பைதானில் மிடோ லைப்ரரியை வைத்து, ஒரு முழு டப்ஸ்டெப் (கனமான பேஸ் கொண்ட மின்னணு நடன இசை) ட்ராக்குக்கான மிடி ஃபைலை (ஒலி இல்லாமல் நோட்டுகளை மட்டும் பதிந்த ஃபைல்) உருவாக்கும் ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த ஃபைலை ரீப்பர் என்ற இசைத் தயாரிப்பு மென்பொருளில் திறந்து, டிரம்ஸுக்கு ஒரு சாம்ப்ளர், பேஸுக்கு வைட்டல் சிந்தசைசர் என்று போட்டுக் கேட்கிறேன்.

முதல் சிக்கல் தாளம். 32 பார் (பாருக்கு நான்கு பீட்) நீள டிராப்புக்கு, அதாவது பேஸும் டிரம்ஸும் முழுசாக இறங்கும் உச்சப் பகுதிக்கு, கிக், ஸ்னேர் டிரம் அடிகளை மட்டும் எழுதிப் பார்த்தேன். ஆரம்பத்தில் சரியாக விழுகிறது. அப்புறம் ஒவ்வோர் அடிக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. 140 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 140 பீட்) 55 நொடிக்குள் முடிய வேண்டிய பகுதி அரை மணி நேரத்தைத் தாண்டுகிறது. பார் எண்ணை 1920ஆல் பெருக்கி, பீட்டுக்கு 480 டிக் (மிடி நேரத்தின் சிறு அலகு) வீதம் கூட்டி, அதையே ஒவ்வொரு நோட்டுக்கும் ‘டைம்’ மதிப்பாகக் கொடுக்கிறேன்.

அடுத்தது பேஸ். சி மைனரில் சப் பேஸை (மிக ஆழமான அடி பேஸ்) மிடி நோட் 24-இல் வைத்திருக்கிறேன். டிராப் வரும்போது எதுவுமே கேட்கவில்லை, மீட்டர் மட்டும் துடிக்கிறது.

இதையெல்லாம்விட என்னை அதிகம் வாட்டுவது ஒன்று: ஒவ்வொரு பாருக்கும் ரேண்டமாகப் புதுப் பேட்டர்ன் எடுக்கிறேன். தனித்தனியாகக் கேட்டால் நன்றாகவே இருக்கின்றன. சேர்த்துக் கேட்டால் பாட்டு எங்கேயும் போய்ச் சேரவில்லை. எங்கே பிடித்துச் சரிசெய்வது?

டிக்கணக்கு:
தாளத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மிடி ஃபைலில் நேரம் என்பது பாட்டின் தொடக்கத்திலிருந்து எண்ணுவதல்ல, முந்தைய செய்தியிலிருந்து எத்தனை டிக் தள்ளி என்பதுதான். நீங்கள் 0, 960, 1920, 2880 என்று கொடுக்கிறீர்கள். ஃபைல் அதைக் கூட்டிக்கொண்டே போகிறது. முதல் கிக் 0, ஸ்னேர் 960, அதுவரை சரி. 1920-இல் விழ வேண்டிய அடுத்த கிக் 2880-க்குப் போய்விடும், அதற்கடுத்த ஸ்னேர் 5760-க்கு. 32 பாருக்கு இப்படியே கூட்டினால் நீங்கள் சொன்ன அரை மணி நேரம் வந்துவிடும்.

உங்கள் கணக்கை மாற்ற வேண்டாம், அந்த முறையில்தான் யோசிக்க வசதி. எல்லா நோட் ஆன், நோட் ஆஃப் செய்திகளையும் அந்த முழு நேரத்தோடு ஒரு பட்டியலில் சேர்த்து, நேரப்படி வரிசைப்படுத்தி, கடைசியில் எழுதும்போது மட்டும் முந்தையதைக் கழியுங்கள். ஒரே டிக்கில் ஆனும் ஆஃபும் வந்தால் ஆஃப் முன்னால் வரட்டும். இல்லாவிட்டால் ஒரே சுரம் அடுத்தடுத்து வரும் இடத்தில், புதிதாகத் தொடங்கிய நோட்டைப் பழைய ஆஃப் வெட்டிவிடும்.

இன்னொன்று, டெம்போ செய்தி எழுதினீர்களா? எழுதாவிட்டால் 120 என்றுதான் எடுத்துக்கொள்ளும். 140 பிபிஎம்முக்கு ஒரு பீட் 428571 மைக்ரோ நொடி. டிரம் சேனல் 10 என்பது மிடோவில் 9, அங்கே எண்ணிக்கை 0-இல் தொடங்குகிறது.

பேஸ்பிரியை:
சகோ, சப் பேஸ் விஷயம் எளிது. நோட் 24 என்றால் சுமார் 32.7 ஹெர்ட்ஸ். வீட்டு ஸ்பீக்கர் பலதும் அந்த ஆழத்துக்கு இறங்காது. ட்ராக்கை எஃப் மைனருக்கு மாற்றி, சப்பை நோட் 29-இல் வையுங்கள், 43.65 ஹெர்ட்ஸ் கிடைக்கும். சப்புக்குத் தனி ட்ராக், வெறும் சைன் அலை, மோனோ. வாபிளை (ஃபில்டரைத் திறந்து மூடி பேஸை அசைப்பது) அதற்கு மேலுள்ள லேயரில் மட்டும் போடுங்கள். ஃபில்டர் மூடித் திறக்கும்போது அடிக் கனம் ஆடாமல் நிற்கும்.

அரேஞ்ச்மென்ட் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். கட்டமைப்பை ரேண்டத்திடம் விடாதீர்கள், அதை நீங்களே கையால் எழுதுங்கள். இன்ட்ரோ 16 பார், பில்டப் 16, டிராப் 32, பிரேக்டவுன் 16, இரண்டாவது டிராப் 32, அவுட்ரோ 16. 140-இல் 16 பார் என்பது 27 நொடி சொச்சம், எனவே மொத்தம் மூன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல் வரும்.

டிராப்புக்குள் இரண்டு பார் நீளத்தில் ஒரு பேஸ் வாக்கியம் உருவாக்குங்கள். அதற்குப் பதிலாக இன்னொரு இரண்டு பார். கேள்வி, பதில், கேள்வி, கொஞ்சம் மாறிய பதில் என்று எட்டு பார் ஆகிவிடும். எட்டாவது பாரின் கடைசி இரண்டு பீட்டில் பேஸை முழுக்க நிறுத்தி, ஸ்னேர் ஃபில் மட்டும் விடுங்கள். ரேண்டம் வேலை செய்ய வேண்டிய இடம் அந்த நான்காவது வாக்கியமும் ஹை-ஹாட்டும்தான். கேட்பவர் மனதில் ஒரு வாக்கியம் பதிந்த பிறகுதான் அதை மாற்றுவதற்கு அர்த்தம் உண்டு.

வெற்றிடத்தைக் கண்டு பயப்படாதீர்கள். கிக் முதல் பீட்டில், ஸ்னேர் மூன்றாவதில், அவ்வளவுதான் எலும்புக்கூடு. 140-இல் ஓடும் இசை 70 போல நடப்பது அதனால்தான். தெற்கு லண்டனின் கிராய்டனில் ஸ்கிரீம், பெங்கா என்ற இசைத் தயாரிப்பாளர்கள் ஃப்ரூட்டிலூப்ஸ் மென்பொருளில் செய்த ஆரம்பகால ட்ராக்குகளைக் கேளுங்கள். 2005-இல் பிரிக்ஸ்டனில் தொடங்கிய டிஎம்இசட் என்ற டப்ஸ்டெப் கிளப் இரவுகளில் ஒலித்தவற்றையும் தேடிக் கேளுங்கள். எத்தனை இடம் காலியாக விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். எனக்கு இந்த இசையே அந்தக் காலியிடத்தால்தான் பிடித்தது.

அடிநாதம்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி! நேரத்தைக் கழித்து எழுதியதும் கிக்கும் ஸ்னேரும் கிரிட்டில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டன. எஃப் மைனரில் சப் இப்போது நெஞ்சில் உணரும்படி இருக்கிறது. கேள்வி-பதில் முறையில் முதல் முறையாக டிராப் ஒரு பாட்டு போலக் கேட்கிறது.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. வாபிளின் வேகத்தை நோட்டுக்கு நோட்டு மாற்ற சிசி (மிடியின் கட்டுப்பாட்டுச் செய்தி) அனுப்பி, வைட்டலில் எல்எஃப்ஓ (ஃபில்டரை அசைக்கும் மெதுவான அலை) வேகத்தோடு இணைத்திருக்கிறேன். வேகம் மாறுகிறது. ஆனால் சில நோட்டுகள் ஃபில்டர் பாதி திறந்த நிலையில் தொடங்குகின்றன.

பேஸ்பிரியை:
எல்எஃப்ஓ ‘ட்ரிகர்’ முறையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ‘சிங்க்’கில் இருந்தால் அது நோட்டைப் பொருட்படுத்தாமல் பாட்டின் நேரத்தோடு ஓடும். ட்ரிகரில் இருந்தும் இப்படி வந்தால், வாய்ஸ் 1 (ஒரு நேரத்தில் ஒரே நோட்), லெகாட்டோ ஆன் என்று வைத்திருப்பீர்கள். ஒரு நோட் முடியுமுன் அடுத்தது தொடங்கினால் எல்எஃப்ஓ புதிதாகத் தொடங்காது.

டிக்கணக்கு:
அதற்கு ஸ்கிரிப்டிலேயே வழி உண்டு. ஒவ்வொரு பேஸ் நோட்டின் ஆஃபையும் 10 டிக் முன்னால் இழுத்துவிடுங்கள், காதுக்குத் தெரியாது. சிசி செய்தியை நோட் ஆனுக்கு இரண்டு மூன்று டிக் முன்னதாக எழுதுங்கள், அப்போதுதான் நோட் தொடங்கும்போதே புது வேகம் தயாராக இருக்கும்.