பழைய வீட்டுக் கதவில் ஒட்டிய நோட்டீஸ்: எனக்குத் தெரியாமலே உத்தரவு

விவாகரத்தாகி மூன்று வருடம் ஆகிறது. ஏழு வயது மகள் என்னிடம்தான் இருக்கிறாள். கும்பகோணம் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒன்றரை வருடமாகப் பாபநாசம் பக்கம் அம்மா வீட்டில் இருக்கிறோம். போன வாரம் நடவு ஆட்களுக்குக் கூலி கொடுத்துக்கொண்டிருந்தபோது பழைய வீட்டுக்காரம்மா போன் செய்தார். "கதவுல கோர்ட்டு காகிதம் ஒட்டியிருந்தாங்கம்மா. எடுத்து மீட்டர் பெட்டி மேல வச்சு மறந்துட்டேன்." ஓடிப்போய் விசாரித்தால், நான் வரவில்லை என்று எக்ஸ்பார்ட்டி ஆக்கி, அதாவது என் தரப்பைக் கேட்காமலே, மகளை என் முன்னாள் கணவரிடம் ஒப்படைக்க உத்தரவே போட்டாகிவிட்டது. போன தீபாவளிக்கு மகளுக்குப் பாவாடை சட்டையை அம்மா வீட்டு முகவரிக்குத்தான் கூரியரில் அனுப்பினார். அவர் கையெழுத்தோடு அந்த உறை இருக்கிறது. இனி என் பேச்சைக் கேட்பார்களா?

— மன்னார்குடி, ஓய்வுபெற்ற கோர்ட் எழுத்தர்:
கேட்பார்கள் அம்மா. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 9 விதி 13-இன்படி உத்தரவை ரத்து செய்யக் கேட்கலாம். கெடு 30 நாள். சம்மன் முறையாகச் சார்வாகவில்லை, அதாவது உங்களிடம் சேர்க்கப்படவில்லை என்றால் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து கணக்கு. அந்த போன் வந்த தேதியைக் குறித்து வையுங்கள். உத்தரவை நிறுத்தி வைக்கவும் கூடவே மனு போடுங்கள். அப்புறம், அமீனா (சம்மனைக் கொண்டுபோகும் கோர்ட் ஊழியர்) கொடுத்த ரிப்போர்ட்டின் நகலை வாங்குங்கள். கதவில் ஒட்டினால் வீட்டை அடையாளம் காட்டியது யார், எதிரில் இருந்தது யார் என்று அதில் எழுதியாக வேண்டும். ஒன்று மட்டும் மறைக்காமல் வக்கீலிடம் சொல்லுங்கள்: வாய்தா தேதியை உங்கள் முன்னாள் கணவர் போனிலோ வாட்ஸ்அப்பிலோ சொல்லியிருந்தாரா? தேதி தெரிந்து, வர அவகாசமும் இருந்தது என்று கோர்ட் கருதினால், சார்வு செய்ததில் உள்ள குறை மட்டும் போதாது. அந்த உறையைப் பத்திரப்படுத்துங்கள்.

— திருவாரூர்:
அக்கா, வக்கீலுக்குப் பணமில்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள். கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள், 1987 சட்டத்திலேயே இருக்கிறது. எனக்கு அப்படித்தான் கிடைத்தார். புது முகவரியை எழுத்தில் கொடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த நோட்டீஸும் பழைய கதவுக்கே போகும். பிள்ளையை எங்கேயும் மறைத்து வைக்காதீர்கள். அது உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

— கேட்டவர்:
இரண்டு பேருக்கும் நன்றி. அவர் போனிலும் சொல்லவில்லை, மெசேஜும் இல்லை. இன்று மனு போட்டாயிற்று. அமீனா ரிப்போர்ட்டும் கிடைத்தது. வீட்டை அடையாளம் காட்டியவர் என்று அவருடைய அண்ணன் பெயர் இருக்கிறது. பொங்கலுக்கு மகளைப் பார்க்க வந்து, இதே அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனவர்.