உதவி: நியூஸ்லெட்டர் டெம்ப்ளேட் அவுட்லுக்கில் சிதைகிறது (அவசரம்)

வடிவு_வேலை
நாளை காலை அனுப்பியாக வேண்டும். எங்கள் கம்பெனியில் 14 யூனிட். ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு லோகோ என்று மாத நியூஸ்லெட்டர் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒரே டெம்ப்ளேட் செய்து கொடுத்தேன். என் மேக்கில் அம்சமாக இருக்கிறது. எம்.டி.யின் அவுட்லுக்கில் மேல் படம் திரையைத் தாண்டி ஓடுகிறது. ஜிமெயிலில் பாதியில் வெட்டிவிடுகிறது. என்ன செய்ய?

நெய்தல்77
எந்த அவுட்லுக்? விண்டோஸில் பழையதா, புதியதா, பிரவுசரா? படத்தின் அசல் அகலம் எவ்வளவு? எதிலிருந்து அனுப்புகிறீர்கள்?

அஞ்சல்_அண்ணாச்சி
எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் (மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று நிரூபிக்கும் அமைப்புகள்) மூன்றும் சரியா பாருங்கள். நாளுக்கு 5000 மெயில் ஜிமெயிலுக்குப் போனால் 2024 பிப்ரவரியிலிருந்து மூன்றும் கட்டாயம்.

நெய்தல்77
அண்ணாச்சி, மெயில் போய்ச் சேர்ந்துவிட்டது. படம்தான் பெரிதாகத் தெரிகிறது.

பழம்புலி
தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கமே போய்விட்டது. விண்டோஸில் பழைய அவுட்லுக் 2007 பதிப்பு முதல் வேர்டின் எஞ்சினை வைத்துத்தான் மெயிலைக் காட்டுகிறது. அதற்கு மேக்ஸ்-விட்த் (அகலத்துக்கு உச்சவரம்பு வைக்கும் கட்டளை) தெரியாது. 1200 பிக்சல் படம் கொடுத்தால் 1200ஆகவே விரிக்கும். ஸ்டைலில் எழுதினால் போதாது, படத்தை வைக்கும் ஐஎம்ஜி டேகிலேயே விட்த் (அகலம்) 600 என்று போடுங்கள். பக்கத்தை டிவ் பெட்டிகளில் அடுக்குவதை விட்டு டேபிளில் கட்டுங்கள். இதெல்லாம் பாலபாடம்.

மடல்காரி
திட்டாமல் சொன்னால் பதில் குறைந்தா போகும்? வடிவு, மெயிலின் எச்டிஎம்எல் நிரல் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் வெட்டும். தனியாக ஏற்றிய படத்தின் எடை அதில் சேராது. தமிழிலா எழுதுகிறீர்கள்? யுடிஎஃப்-8 எழுத்துக்குறியீட்டில் 'த' 3 பைட். சில எடிட்டர்கள் அதையே த என்று மாற்றி வைக்கும்; அப்போது 7.

சட்டுனு_முடி
ஏன் இவ்வளவு வம்பு? முழுவதையும் ஒரே ஜேபெக் படமாக அனுப்புங்கள். எங்கள் ஆபீஸில் அப்படித்தான்.

மடல்காரி
படத்தைத் தடுத்து வைத்திருக்கும் அவுட்லுக்கில் வெறும் கட்டம்தான் தெரியும். பார்வையற்ற ஊழியருக்கு எதைப் படித்துக் காட்டும்?

சட்டுனு_முடி
ஆல்ட் (படத்துக்குப் பதிலாகக் காட்டும் எழுத்து) எழுதலாமே.

மடல்காரி
எல்லாச் செய்தியையும் ஆல்ட்டிலா?

பழம்புலி
போனில் அந்தப் படம் சுருங்கினால் எறும்பு எழுத்துதான். பூதக்கண்ணாடியும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

சட்டுனு_முடி
இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

மடல்காரி
யாரும் படித்ததில்லை என்று அர்த்தம்.

வடிவு_வேலை
மன்னிக்கவும், இப்போதுதான் பார்த்தேன். பழைய அவுட்லுக், படம் 1200. அப்புறம், நான் எச்.ஆருக்கு அனுப்புவேன். ஒவ்வொரு யூனிட்டும் அதை அவுட்லுக்கில் ஃபார்வர்டு கொடுத்து, வேர்டிலிருந்து தங்கள் செய்தியை ஒட்டி, தங்கள் ஆட்களுக்கு அனுப்பும்.

நெய்தல்77
இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! ஃபார்வர்டு கொடுத்ததுமே அவுட்லுக் உங்கள் நிரலை வேர்டு பாணியில் திருப்பி எழுதிவிடும். ஒட்டுகிற செய்தியோடு வேர்டின் எம்எஸ்ஓ நிரல் குப்பையும் வரும். 102 கேபி அதில்தான் கரைந்திருக்கும். டெம்ப்ளேட்டை யூனிட்டுகளின் கையில் கொடுக்காதீர்கள். தலைப்பு, 60 சொல், ஒரு படம், ஒரு லிங்க்: இவ்வளவை மட்டும் ஃபார்மில் வாங்கி, ஒரே இடத்திலிருந்து அனுப்புங்கள்.

அஞ்சல்_அண்ணாச்சி
அப்படி அனுப்பும்போது டிமார்க்கை மறந்துவிடாதீர்கள்.

வடிவு_வேலை
விட்த் போட்டதும் படம் அடங்கிவிட்டது, எம்.டி. ஓகே சொல்லிவிட்டார். நன்றி. ஃபார்ம் பற்றிச் சொன்னதும் ஒரு யூனிட் மேனேஜர் "எங்கள் பச்சை எங்கே?" என்று மீட்டிங் போட்டிருக்கிறார். போய்விட்டு வருகிறேன்.

மடல்காரி
ஜிமெயில் வெட்டு என்ன ஆச்சு?

மடல்காரி
வடிவு?