பருத்திமார்: 24 மணி நேரத்துக்கு மேல் சர்க்கரை ஏறவில்லை

வணக்கமுங்க. பருத்திமாரிலிருந்து (பறிப்பு முடிந்த பருத்திச் செடித் தண்டு) நொதி போட்டுச் சர்க்கரை எடுத்துப் பார்க்கிறேன். அவிநாசிப் பக்கத்து மாரை அரைத்து 2 மி.மீ. சல்லடையில் சலித்து, 2% காஸ்டிக் சோடாக் கரைசலில் (கிராமுக்கு 10 மி.லி.) 121 டிகிரியில் ஒரு மணி நேரம் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலன்) வைத்தேன். பி.எச். 7 வரும்வரை அலசி, 60 டிகிரி ஓவனில் காயவைத்தாச்சு. பிறகு சிட்ரேட் பஃபர் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்), பி.எச். 4.8, 50 டிகிரி, கிராமுக்கு 20 எஃப்.பி.யூ. (நொதியின் வீரிய அலகு) செல்லுலேஸ், அதாவது செல்லுலோஸை உடைக்கும் நொதி. செல்லுலோஸில் மூன்றில் ஒரு பங்குதான் குளுக்கோஸாகிறது, அதோடு நின்றுவிடுகிறது.

செல்லோபயோஸைக் (இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த இடைநிலைச் சர்க்கரை) குளுக்கோஸாக்கும் பீட்டா குளுக்கோசிடேஸ் நொதியைக் கூட்டியும் மாற்றமில்லை. ஆக, செல்லோபயோஸ் தேக்கமாக இருக்காது. கிருமி வளராமல் தடுக்கும் சோடியம் அசைடு இருப்பதால் சர்க்கரையைக் கிருமி தின்னவும் வாய்ப்பில்லை. ஒன்று, காஸ்டிக் சோடாவில் கரையாமல் நின்ற மிச்ச லிக்னின் (தண்டுக்கு இறுக்கம் தரும் பொருள்) நொதியைப் பிடித்து வைக்கிறது. இல்லாவிட்டால் காயவைத்ததில் நார்த்துளைகள் மூடிக்கொண்டன. எனக்கென்னவோ இரண்டாவதுமேல்தான் சந்தேகம்.

காயவைக்காமல் ஈரத்தோடவே நொதி போட்டவங்க இருந்தாச் சொல்லுங்க. ட்வீன் 20 (நொதி லிக்னினில் ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் சோப்பு மாதிரிப் பொருள்) எவ்வளவு சேர்த்தீங்க, நொதிக்கு முன்னாடியா, கூடவேயா?